கூடு தின்னாவா?

மகளே,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மா, நான் படிப்ப விட்டுட்டு வந்துரட்டுமா?" என்று கேட்டாய். நான், "சரி சரி, உடம்பப் பாத்துக்கோ, தலைக்கு எண்ணெ வையி" என்றேன். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. உனக்கு எரிச்சல் வந்திருக்கும். வராமல் என்ன செய்யும்? ஆனால் ஒர்க்‌ஷாப்பில் போன் இருக்கிற இடம் உனக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் உன் அப்பா மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டே காதை என்னிடம் வைத்திருந்தார். அந்தப் பக்கம் பம்புசெட் ரிப்பேருக்குக் கொண்டுவந்த இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து, டீச்சரம்மா மகளோடு என்ன பேசுகிறாள் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசல் பக்கம் திரும்பி நின்று ஏதாவது சொல்வதற்குள் நீ வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். வரட்டுமா, வேண்டாமா என்பதற்குப் பதில் கடைசியில் இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிட்டால் நீ மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய். உன் குணம் எனக்குத் தெரியாதா, நான்தானே பெற்றேன்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். வேறு எதில் எழுத? பிறந்ததிலிருந்து உன்னோடு தெலுங்கில்தான் பேசியிருக்கிறேன். உன்னைத் திட்டியது, கொஞ்சியது, காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கேட்டது எல்லாம் தெலுங்கில். ஆனால் அதில் ஓர் எழுத்துகூட எனக்கு எழுத வராது. உன் அப்பாவுக்கும் வராது, அவருடைய அப்பாவுக்கும் வந்திருக்காது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வடக்கேயிருந்து புறப்பட்டு வந்தவர்கள் பேச்சை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு வந்தார்கள் போல. ராஜபாளையத்தில் நம் தெருவில் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு இத்தனை வருஷமாகத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். 'கூ' என்றால் 'கூடு', பக்கத்தில் குருவிக்கூடு படம் போட்டிருக்கும். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். குருவிக்குத்தான் அது கூடு, நம் வீட்டில் கூடு என்றால் சோறு. "கூடு தின்னாவா?" என்று கேட்டால் சாப்பிட்டாயா என்று அர்த்தம். அதைக் கேட்காமல் நம் வீட்டில் யாரும் யாரையும் வாசலுக்குள் விட்டது கிடையாது.

உனக்கு மெட்ராஸிலும் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்தது, ஹைதராபாத்திலும் கிடைத்தது. நீ மெட்ராஸ் என்றாய். உன்னோடு பி.எஸ்ஸி. கணக்குப் படித்த பிள்ளை அங்கே போகிறாள், இரண்டு பேரும் ஒரே ரூமில் இருந்துகொள்வோம் என்றாய். உன் அப்பா கேட்கவில்லை. "மெட்ராஸ் நமக்கு யாரு? ஹைதராபாத்துன்னா நம்ம ஜனம்லா. நம்ம பாஷைய ஊரே பேசுது. பிள்ள வாயத் தொறந்தாலே கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவாங்க. தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்" என்றார். வாழ்நாளில் மதுரைக்கு வடக்கே இரண்டு முறை போயிருப்பார், அதுவும் கல்யாணத்துக்கு. அவர் சொன்னதைக் கேட்டு நானும் தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்ன, எனக்கும் அந்த ஆசைதான். மகள் தாய்வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு நினைப்பு. என்னோடு வேலை பார்க்கும் ஜெபமணி டீச்சர் மட்டும் சொன்னாள்: "ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? மெட்ராஸ்ன்னா பிள்ள பஸ் போர்டையாவது வாசிச்சுக்கிடும்லா?" அவளுக்கு நம் பாஷை தெரியாது, அதனால் நம் பெருமையும் புரியாது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நானும் உன் அப்பாவுமாகத்தான் உன்னைக் கொண்டுபோய் விட்டோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் உன் அப்பா வேட்டியை இறக்கிவிட்டு, மாமனார் வீட்டுக்குள் நுழைகிற மாப்பிள்ளை மாதிரி நடந்துபோய், ஆட்டோக்காரனிடம் தெலுங்கில் விலாசம் சொன்னார். அவன் இந்தியில் என்னமோ கேட்டான். இவர் மறுபடியும் தெலுங்கில், இன்னும் கொஞ்சம் சத்தமாக. அவன் மறுபடியும் இந்தி. இப்படியே செத்த நேரம் நடந்தது. கடைசியில் நீதான் இங்கிலீஷில் சொல்லி ஏற்றிவிட்டாய். "இவன் வெளியூர்க்காரனா இருப்பான்" என்றார் உன் அப்பா. அவன் அந்த ஊரிலேயே பிறந்தவன் என்று சந்து சந்தாக வண்டியை வளைத்ததிலேயே உனக்கும் எனக்கும் தெரிந்தது. ரோட்டில் போர்டெல்லாம் ஜாங்கிரி பிழிந்த மாதிரி எழுத்து. ஒன்றாம் வகுப்பு டீச்சர் நான், ஓர் எழுத்தைக்கூட வாசிக்கத் தெரியாமல் ஆட்டோவில் முழித்துக்கொண்டு வந்தேன்.

ஹாஸ்டல் ஆபீசில் நடந்ததை நாம் மூன்று பேரும் இதுவரை வாயால் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன். உன் அப்பா அந்த கிளார்க்கிடம் கையைக் கூப்பி, நாங்கள் ராஜபாளையத்திலிருந்து வருகிறோம், நாங்களும் உங்கள் ஜனம்தான், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தெலுங்கில் நீளமாகச் சொன்னார். அந்த மனுஷன் மரியாதையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு உன்னைப் பார்த்து இங்கிலீஷில், "உன் அப்பா என்ன பாஷை பேசுகிறார்?" என்றார். நீ ஒரு நொடி யோசித்துவிட்டு, "டமில்" என்றாய். உன் அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் அந்த ஒரு சொல் புரியாதா? திரும்பி வரும்போது ரயில் விஜயவாடாவைத் தாண்டியது. பிறகு, "பிள்ள டக்குன்னு சமாளிச்சுட்டா, கெட்டிக்காரி" என்றார். எனக்கு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உன்மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

முதல் வாரம் நீ போன் செய்தபோது மெஸ்ஸில் நடந்ததைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தாய், சீனியர் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், நல்லவிதமாக ஏதாவது பேச வேண்டும் என்று நீ அவளிடம் "கூடு தின்னாவா?" என்று கேட்டாய். மேஜை முழுக்க வெடித்துச் சிரிப்பு. அங்கே கூடு என்பது கோபத்தில் கொட்டிக்கொள் என்று திட்டுவதற்கும், செத்தவர்களுக்குப் பிண்டம் வைப்பதற்கும் உள்ள சொல்லாம். வந்து மூன்று நாளான பிள்ளை, முன்பின் தெரியாத சீனியரிடம் உனக்குப் பிண்டம் வைத்தாயிற்றா என்கிற மாதிரி கேட்டிருக்கிறாய். நானும் போனில் சிரித்தேன். உன் அப்பாவுக்குச் சொல்லி அவரும் சிரித்தார். "சொல்லு புதுசுல்லா, பழகிரும்" என்றார். அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

பிறகு உன் ரூமில் இருக்கும் குண்டூர்ப் பிள்ளையைப் பற்றிச் சொன்னாய். அவள் நல்லவள், உன் பேச்சு பழைய காலத்துப் பேச்சு மாதிரி அழகாக இருக்கிறது என்றாளாம். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆனால் அந்த அழகு என்ன செய்தது? பக்கத்து ரூம், மாடி ரூம் என்று ஒவ்வொருத்தியாகக் கூட்டிக்கொண்டு வந்து, "பேசு, ஏதாவது பேசு" என்று உன்னை நிறுத்திப் பேசவைத்துக் கேட்டார்கள். குடுகுடுப்பைக்காரனைக் கூட்டி வைத்துக் கேட்கிற மாதிரி. நீ வாயைத் திறந்தால் கூட்டம், மூடினால் அவளுக்கு ரொம்ப கர்வம் என்ற பேச்சு. கடைசியில் உன் பெயரே கூடு ஆகிவிட்டது. 'கூடு வருது', 'கூடு போகுது'. யாரும் உன்னை அடிக்கவில்லை, வையவில்லை, பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள். அதுதான் கொடுமை. அடித்தால் புகார் சொல்லலாம். பிரியமாகச் சிரிக்கிறவர்களை என்ன செய்வது? நீ பேசுவதைக் குறைத்தாய். தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்துபோய் நீயே எடுத்துக்கொண்டாய். என்னோடு போனில் பேசும்போதும் சுருக்கிக்கொண்டே வந்தாய்.

ஜெபமணி டீச்சர் இதைக் கேட்டுவிட்டு, "கணக்குக்கு பாஷை ஏது? அவ பாட்டுக்குப் படிச்சிட்டு வரட்டும்" என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "கணக்கு எம்புட்டு நேரம் போடுவா? மிச்ச நேரம் பூரா மனுசியாத்தான இருக்கணும்?" என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் சிலேட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தன.

தீபாவளிக்கு வந்தாய். இளைத்திருந்தாய். குளித்துவிட்டு வா, உளுந்தங்களி கிண்டியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். ரயிலில் கூடு தின்றாயா என்று. நீ துண்டைக் கையில் பிடித்தபடி நின்று, தமிழில் சொன்னாய்: "அம்மா, அந்த வார்த்தையச் சொல்லாத. கேட்டாலே வயித்தப் பொரட்டுது." நீ வேண்டுமென்று சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அலுப்பில் வந்துவிட்டது. ஆனால் எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. அடுப்படிக்குப் போய்க் களியைக் கிளறினேன், அது ஏற்கெனவே கிளறி இறக்கியது. அந்த வார்த்தை சொல்லித்தான் உனக்கு முதல் வாய் ஊட்டினேன். அதைத் தவிர வேறு வார்த்தை எனக்குத் தெரியவும் தெரியாது. அன்று முழுக்க நான் உன்னிடம் எதையும் கேட்காமல் தட்டில் போட்டுப் போட்டு வைத்தேன். நீயும் போட்டதைத் தின்றாய். நாங்கள் பேசியதற்கெல்லாம் தமிழிலேயே பதில் சொன்னாய்.

மறுநாள் உன் அப்பா அய்யனார் கோவிலுக்குப் போகலாம் என்றார். மழை பெய்து ஆற்றில் நிறையத் தண்ணீர். நான் பாறைமேல் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் இரண்டு பேரும் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அவர் உன்னிடம் கேட்டார். நம் பேச்சில்தான் கேட்டார், எழுத்து இல்லாததால் தமிழில் எழுதுகிறேன்: "அங்க அத எப்படித்தான் சொல்லுவாங்க? சொல்லு, நாங்க மாத்திக்கிடுறோம். வீட்லயே அப்படிப் பேசுவோம். உனக்கும் பழகிரும்லா." நீ முதலில் வேண்டாம் என்றாய். அவர் விடவில்லை. அப்புறம் சொன்னாய்: "போஜனம் சேசாரா." அவர் சொல்லிப் பார்த்தார். "அப்படி இழுக்கக் கூடாதுப்பா" என்றாய். மறுபடி சொன்னார். என் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ழகரத்தோடு மல்லுக்கட்டுகிற மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு, கண்ணை உன் வாயிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். மறுபடியும் நம் ஊர் இழுவைதான் வந்தது. நீ, "விடுங்கப்பா. வராது" என்று எழுந்து வந்துவிட்டாய். அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிட்ட பிறகுதான் வந்தார், வந்தும் பசியில்லை என்றார்.

நீ ஊருக்குப் போன மறுநாள் காலை, குளித்துவிட்டு வந்து என்னிடம், "சாப்பாடு எடுத்து வை" என்றார். தமிழில். எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டுக்குள் அந்த மனுஷன் என்னிடம் தமிழ் பேசியதில்லை. சண்டை போட்டாலும் நம் பேச்சில்தான். யாரோ வெளியாள் வந்து சோறு கேட்ட மாதிரி இருந்தது. "என்ன ஆச்சு அவியளுக்கு?" என்று யாரிடமாவது கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பேன்? அவரிடமே கேட்டேன். "ஒண்ணுமில்ல. இதும் பாஷைதான" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான். நான் தெலுங்கில் கேட்கிறேன், அவர் தமிழில் பதில் சொல்கிறார். பத்து நாள் கழித்து நானும் தமிழுக்கு மாறிவிட்டேன், ஒற்றை ஆளாக எத்தனை நாள் பேசுவது? இப்போது வீட்டில் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரோடு பேசுகிற மாதிரி சுருக்கமாகப் பேசிக்கொள்கிறோம். நீ வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்கிறாயே, எந்த வீட்டை நினைத்துக் கேட்கிறாய்? நீ விட்டுப்போன வீடு இப்போது இங்கே இல்லை. இந்தக் கதவும் சுவரும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

இனிமேல் சொல்லப்போவதை உன் அப்பா சொல்லக்கூடாது என்றார். கார்த்திகையில் சோழபுரத்து அத்தை வந்தாள். நீ சரியாகப் பேசுவதில்லை, இளைத்துவிட்டாய், படிப்பு ஒத்துவரவில்லை என்று எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது. உட்கார்ந்த உடனே, "ஏன்டா தம்பி, பிள்ளையக் கொண்டுபோயி அத்துவானத்துல விட்டுட்டு இங்க என்ன காயில் சுத்திட்டிருக்க? அவ இருக்க வேண்டிய வீடு நான் வச்சிருக்கேன்" என்றாள். அவள் மகனைத்தான் சொல்கிறாள். நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவன். குடி கிடையாது, நெல்லும் தென்னையும் உண்டு, குரலை உயர்த்திப் பேச மாட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவன் கேட்டு அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: "வந்த பொறவு வேலைக்குப் போவேன், மிச்சத்தப் படிப்பேன்னு நிக்க மாட்டால்லா?" உன் அப்பா, "அதெல்லாம் இல்ல, தையில பிள்ள வரும்போது வந்து பாத்துப் பேசிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். அத்தை வீட்டார் உன்னைப் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? தட்டு மாற்றத்தான் வருகிறார்கள்.

நான் விடவில்லை. அத்தை போன பிறகு, படிப்பு முடியட்டும், இன்னும் ஒன்றரை வருஷம்தானே என்று சண்டை போட்டேன். உன் அப்பா, "எதுக்கு? இன்னும் ஒன்றர வருஷம் அவ அங்க இருந்து அவங்க சிரிக்கணுமா?" என்றார். கண் கலங்கியிருந்தது. அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே. உன்னை அங்கே கொண்டுபோய்த் தள்ளியது தான்தான் என்று அவருக்கு உறைத்துவிட்டது, அதனால் உன்னைத் தூக்கிக் கரையில் போடுவதாக நினைக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சோழபுரத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்த வீட்டில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். மூன்று வேளையும் நீதான் ஒவ்வொருத்தரையும் கூடு தின்றாயா என்று கேட்டுக் கேட்டுப் போட வேண்டும், கடைசிக் காலம் வரைக்கும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்கள். உன்னை நினைத்தால் எனக்கு அதுதான் தோன்றுகிறது.

எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத மாட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அப்படிப் பொய் சொல்லலாம், உன்னிடம் சொல்ல முடியாது. அந்த ஊர் உன்னை ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. சிரிப்பு குறையும், நிற்காது. அந்தப் பெயர் மாறாது. அந்த எழுத்தைப் படித்துக்கொள் என்று மட்டும் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளின் பாலபாடப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள். தினமும் கொஞ்சம் எழுது, வெட்கப்படாதே, ரூமில் யாராவது பார்த்தால் பார்க்கட்டும். பஸ் போர்டையும் மருந்துக் கடைப் பெயரையும் வாசிக்க வந்தால் யாரையும் கேட்காமல் ஒரு தெருவிலாவது நடக்கலாம். அவர்கள் பேச்சைப் பேச வந்தால் பேசு, வராவிட்டால் இங்கிலீஷில் பேசு. கூட்டம் கூட்டிக்கொண்டு வந்து பேசு பேசு என்றால் மட்டும் பேசாதே, தலைவலி என்று படுத்துக்கொள். கர்வம் என்று சொல்வார்கள், சொல்லட்டும். மெஸ்ஸுக்குப் போகாமல் ரூமில் பட்டினி கிடக்காதே. உன் குரல் கம்மிப்போனதற்கு அதுவும் காரணம், எனக்குக் கேட்காதா?

அப்புறம் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். பாஸ் பண்ணுவாய், நீ மண்டையுள்ளவள். எங்கேயாவது வேலை கிடைக்கும், அது மூன்றாவதாக ஓர் ஊராக இருக்கும். அங்கே வேறு ஒரு பாஷை பேசுவாய், உன் பிள்ளைகளுக்கு அதுதான் வரும். நான் தூக்கி மடியில் வைத்துக் கேட்கிறதற்கு ஒரு வார்த்தை இருக்காது, சும்மா முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எத்தனையோ தலைமுறையாக வாயிலேயே சுமந்து வந்தது உன்னோடு போய்விடும். போகட்டும் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். போகட்டும். அதைக் காப்பாற்ற உன்னைச் சோழபுரத்து அடுப்படியில் கொண்டுபோய் வைக்க என்னால் முடியாது.

அதனால் உன் கேள்விக்குப் பதில், வராதே. அங்கே நன்றாக இருப்பாய் என்று சொல்லவில்லை. அங்கே நீ அந்நியமாக இருந்தால் அது அந்நிய ஊர் என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே வந்து அப்படி இருந்தால் யாரிடம் என்ன காரணம் சொல்வாய்? வந்த ஒரே வாரத்தில் தட்டு மாற்றிவிடுவார்கள், நான் குறுக்கே விழுந்து தடுப்பேன் என்று நம்பாதே. என்னால் அவ்வளவுதான் முடியும், உன் அப்பா கண் கலங்கினால் நான் நின்றுவிடுவேன். இப்போது இந்த ஒன்றைத்தான் அவருக்குத் தெரியாமல் என்னால் செய்ய முடிகிறது.

பொங்கலுக்கும் வராதே. லீவுக்கு ஹாஸ்டலே காலியாகிவிடும், மெஸ்ஸையும் மூடிவிடுவார்கள் என்று நீ முன்பே சொன்னாய். அந்த நாலு நாளைக்கு ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொள், வார்டனிடம் சொல்லிவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரு. குண்டூர்ப் பிள்ளை தன் வீட்டுக்குக் கூப்பிட்டால் போ, கூப்பிடாவிட்டால் கேட்காதே. பரீட்சை இருக்கிறது, பிள்ளை வரவில்லை என்று நான் இங்கே சொல்லிக்கொள்கிறேன். உன் அப்பா நம்ப மாட்டார். பொங்கலுக்கு முதல் நாள் காலையில் மெட்ராஸ் ரயில் வருகிற நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார். இறங்குகிற கூட்டம் முழுக்க வெளியே போகிற வரைக்கும் அங்கேயே நிற்பார். நிற்கட்டும். நீ வராதே.

அம்மா